ஷால்கே 04 ஆரம்ப காலம்: சுரங்கம் பெத்த கிளப்பா, தெருப்பசங்க ஆரம்பிச்ச கிளப்பா?

#1 இடதுவிங்_11

வேற இழையில ஜெர்மன் ஃபுட்பால் கிளப் ஷால்கே பத்தி பேச்சு வந்தப்ப நாலஞ்சு பேரு அடிச்சுச் சொன்னாங்க, "அது சுரங்கக் கம்பெனி ஆரம்பிச்ச டீம் பாஸ், முதலாளி காசுல வளந்தது"ன்னு. அங்க பதில் போட்டா டிரான்ஸ்ஃபர் நியூஸ் பாக்க வந்தவங்க திட்டுவாங்க, அதான் இங்க தனி இழை.

என் கட்சி இதுதான். சுரங்கம் அந்த கிளப்ப பெக்கல. கிளப் பொறந்து கிட்டத்தட்ட இருபது வருஷம் கழிச்சுதான் சுரங்கம் பெருசா உள்ள வருது. அதுவும் ஏன் வருதுன்னா, அப்ப ஜெர்மனியில ஆட்டக்காரனுக்கு சம்பளம் குடுக்குறது குத்தம். ஆடுறவன் வயித்துப்பாட்டுக்கு ஏதோ ஒரு வேலையில இருந்தே ஆகணும், அந்த ஊர்ல வேலைன்னா சுரங்கம்தான். இத விட்டுட்டு ஷால்கே கதைய எங்க ஆரம்பிச்சாலும் பாதியில நிக்கும்.

ஊரப் பத்தி தெரியாதவங்களுக்கு: ஜெர்மனி மேற்குல ரூர் பகுதி, அதுல கெல்சன்கிர்ஷன். ஷால்கே அதுக்குப் பக்கத்துல இருந்த தனி ஊரு, 1903-லதான் கெல்சன்கிர்ஷனோட சேத்தாங்க. பத்தொன்பதாம் நூற்றாண்டு பாதி வரைக்கும் வெறும் வயக்காட்டு கிராமம். 1863-ல ஃப்ரீட்ரிஷ் கிரில்லோங்கிற தொழிலதிபர் கூட்டாளிங்களோட கன்சோலிடேஷன் சுரங்கத்த ஆரம்பிக்கிறாரு, அதுக்கப்புறம் இரும்பு, கண்ணாடி, அடுப்புத் தொழிற்சாலைன்னு வரிசையா வந்து ஒரே தலைமுறையில ஊரே கரியாயிடுச்சு. ராத்திரி உலை வெளிச்சத்துக்கு கெல்சன்கிர்ஷனுக்கு "ஆயிரம் தீ எரியுற நகரம்"னே பேரு.

இங்கதான் 1904 மே 4-ம் தேதி பதினாலு பதினஞ்சு வயசுப் பசங்க கொஞ்ச பேரு சேந்து வெஸ்ட்ஃபாலியா ஷால்கேன்னு ஒரு டீம ஆரம்பிக்கிறாங்க. நிறையப் பேரு அப்பதான் பள்ளிக்கூடத்த விட்டு வேலை கத்துக்கப் போனவங்க. கலரு சிவப்பும் மஞ்சளும், நீலமும் வெள்ளையும் கெடையாது. கம்பெனி இல்ல, முதலாளி இல்ல, மைதானம்னு ஒண்ணு இல்ல. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

#2 கரிமூட்டை

தம்பி, ஆதாரம்லாம் சரி. ஆனா கிளப் "ஆரம்பிக்கிறது" வேற, கிளப் "ஆகுறது" வேற. தெருவுக்குத் தெரு அந்த மாதிரி பசங்க டீம் ரூர் முழுக்க இருந்துச்சு, பாதிக்கு மேல ரெண்டு மூணு வருஷத்துல காணாமப் போச்சு. ஷால்கே மட்டும் ஏன் நின்னுச்சு? கன்சோல் சுரங்கம் எடம் குடுத்துச்சு, வேலை குடுத்துச்சு. ரசிகர்ங்க டீமக் கூப்பிடுற பேரே பழைய ஜெர்மன்ல சுரங்கத் தொழிலாளின்னு அர்த்தம் வர்ற "க்னாப்பன்". இதுக்கு மேலயும் சுரங்கத்துக்கு சம்பந்தம் இல்லன்னா எப்புடி?

#3 இடதுவிங்_11

அண்ணே, சம்பந்தம் இல்லன்னு நான் எங்க சொன்னேன்? எப்ப வந்துச்சு, எதுக்கு வந்துச்சுங்கிறதுதான் கேள்வி. முதல் இருபது வருஷத்த பாருங்க.

வெஸ்ட்ஃபாலியா பசங்க மேற்கு ஜெர்மன் விளையாட்டுச் சங்கத்துல சேரப் போனா சேத்துக்கல. லீக்ல எடம் கெடையாது, அதனால சங்கத்துல இல்லாத மத்த டீம்களோட ஆடுனாங்க. அந்த மாதிரி டீம்களுக்கு ஜெர்மன்காரன் வச்ச பேரு "காட்டு கிளப்புங்க". சங்கத்த நடத்துனவங்க எல்லாம் வாத்தியாரு, ஆபீசரு, வியாபாரி வீட்டு ஆளுங்க, இவங்க சுரங்கக் குடியிருப்புப் பசங்க, அவ்வளவுதான் விஷயம்னு நான் நெனைக்கிறேன்.

கடைசியில 1912-ல என்ன பண்றாங்கன்னா, ஏற்கனவே அங்கீகாரம் இருந்த ஷால்கே ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கத்துக்குள்ள, 1877-ல ஆரம்பிச்சது, அதுக்குள்ள ஒரு ஃபுட்பால் பிரிவா போய் சேந்துக்குறாங்க. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. அந்தக் காலத்து ஜெர்மன் ஜிம்னாஸ்டிக்ஸ்காரங்களுக்கு ஃபுட்பாலக் கண்டாலே ஆகாது. கார்ல் பிளாங்க்னு ஸ்டுட்கார்ட்ல ஒரு வாத்தியாரு 1898-லயே இது இங்கிலீஷ்காரன் வியாதி, மனுஷன் காலத் தூக்கி ஒதைக்கிறது குரங்கு சேட்டைன்னு தனி புத்தகமே போட்டவரு. அப்பேர்ப்பட்ட ஆளுங்க வீட்டுத் திண்ணையிலதான் நம்ம பசங்க ஒண்டிக்கிட்டாங்க, வேற வழி இல்ல.

1915-ல திரும்ப தனியா வர்றாங்க, உலகப்போர் நடுவுல. 1919-ல மறுபடி ஒண்ணா சேர்றாங்க. 1924-ல ஜெர்மனி முழுக்கவே ஜிம்னாஸ்டிக்ஸ்காரங்களும் பந்து விளையாட்டுக்காரங்களும் பாகம் பிரிச்சுக்கிட்டாங்க, அப்பதான் எஃப்சி ஷால்கே 04-ன்னு இன்னைக்கு இருக்குற பேரும் நீலம் வெள்ளையும் வருது. ஃப்ரிட்ஸ் உன்கெல்னு ஒருத்தர் தலைவரு, எல்லாரும் "பாப்பா உன்கெல்"னு கூப்பிடுவாங்க. இவரு கன்சோலிடேஷன்ல வேலை பாத்தவரு. நீங்க சொல்ற சுரங்கம் கையில காசோட நிக்கிறது இங்க இருந்துதான்.

#4 ஆஃப்சைட்_அண்ணாச்சி

நல்ல இழை, பாப்கார்னோட உக்காந்தாச்சு. ஒரு சந்தேகம், 04-ங்கிறது எப்பவும் அந்த டீம் பேர்ல இருந்துச்சுன்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன், இருபது வருஷம் கழிச்சு ஒட்டுனதா அது?

#5 இடதுவிங்_11

ஆமா அண்ணாச்சி. ஜிம்னாஸ்டிக்ஸ்காரங்க கூட இருந்தப்ப பேருல 1877 இருந்துச்சு. பிரிஞ்சதும் "எங்க வருஷம் 1904"ன்னு போட்டுக்கிட்டாங்க.

#6 மலர்_ரெஃப்ரி

எல்லாரும் வருஷக் கணக்குலயே இருக்கீங்க, ஆட்டத்தப் பத்தி யாராச்சும் பேசுங்கப்பா.

ஷால்கே பெரிய டீம் ஆனதுக்கு சுரங்கக் காசு மட்டும் காரணம்னா, ரூர்ல சுரங்கம் இல்லாத ஊரே கெடையாது, எல்லா ஊரும் சாம்பியன் ஆகியிருக்கணுமே. இவங்க ஆடுன விதம் வேற. ஹான்ஸ், ஃப்ரெட்னு பால்மன் அண்ணன் தம்பி ரெண்டு பேரு இங்கிலாந்துல வளந்துட்டு முதல் உலகப்போருக்கு அப்புறம் ஷால்கேக்கு வந்து ஆடுறாங்க. அங்க ஸ்காட்லாந்துக்காரங்க பாணியில தரையோட தரையா சின்னச் சின்ன பாஸ் குடுத்து ஆடுறத பாத்துப் பழகினவங்க. அப்ப ஜெர்மனியில பந்த தூக்கி அடிச்சுட்டு பின்னாடியே ஓடுறதுதான் ஃபுட்பால். இந்தப் பக்கம் பதினாலு வயசுல கிளப்புக்கு வந்து சேர்ற எர்ன்ஸ்ட் குசோரா, அவருக்கு ரெண்டு வயசு எளையவரு ஃப்ரிட்ஸ் ஷெபான், இந்த ரெண்டு பேரும் அந்தத் தரைப் பாஸ எடுத்து எங்கயோ கொண்டு போயிட்டாங்க. ஷெபான் பின்னாடி குசோராவோட தங்கச்சியையே கட்டிக்கிட்டாரு, களத்துலயும் மச்சான், வீட்லயும் மச்சான்.

அந்த ஆட்டத்துக்குப் பேரே "பம்பரம்". ஆளுங்க எடம் மாறிக்கிட்டே சுத்துவாங்க, பந்து நடுவுல ஒருத்தன் கால்லயும் ரெண்டு நொடிக்கு மேல நிக்காது, எதிர் டீம் டிஃபெண்டர் எவன மார்க் பண்றதுன்னு தெரியாம தலை சுத்தி நிப்பான். ஷெபான் ஓட்டத்துல ஸ்லோ. ஆனா பந்து வர்றதுக்கு முன்னாடியே அது எங்க போகணும்னு அவருக்குத் தெரியும். 1934 உலகக்கோப்பையில ஜெர்மனி மூணாவது வந்துச்சு, அந்த டீமுக்கு கேப்டன் இவருதான்.

#7 கரிமூட்டை

மலரு, நீ சொல்றது எல்லாம் சரி, நான் மறுக்கல. ஆனா அந்தப் பம்பரத்த சுத்த வைக்க டெய்லி பிராக்டிஸ் வேணுமா வேணாமா? எட்டு மணி நேரம் பூமிக்கு அடியில கரி வெட்டிட்டு மேல வந்தவன் சாயங்காலம் அந்த மாதிரி ஆட முடியுமா? அங்கதான் கன்சோல் வருது.

குசோராவே வயசான காலத்துல சொன்னதா ஒண்ணு சொல்லுவாங்க: "நான் வெட்டி எடுத்த கரிய வச்சு ஒரு கெண்டி தண்ணியக்கூட கொதிக்க வைக்க முடியாது." இதுல எல்லாமே இருக்கு. பேருக்கு சுரங்கத் தொழிலாளி, சம்பளம் சுரங்கத்துல, கால் மட்டும் கிளப்புக்கு.

#8 இடதுவிங்_11

அண்ணே நீங்க எனக்குத்தான் பாயிண்ட் எடுத்துக் குடுக்குறீங்க. அது நிஜ வேலையா இருந்தா அவங்க சுரங்கத் தொழிலாளி டீம். பேருக்கு வேலைன்னா, சம்பளம் குடுக்க முடியாத ஒரு கிளப்புக்கு சுரங்கம் பின்வாசல் வழியா சம்பளம் குடுக்குது. ரெண்டும் ஒண்ணு இல்ல.

இங்கிலாந்துல 1885-லயே காசு வாங்கி ஆடலாம்னு ஒத்துக்கிட்டாங்க. ஜெர்மன் ஃபுட்பால் சங்கம் மட்டும் அமெச்சூர் அமெச்சூர்னு புடிச்ச புடியில நின்னுச்சு. ஆனா மேட்ச்சுக்கு ஐம்பதாயிரம் பேரு வந்தா டிக்கெட் காசு மட்டும் இனிக்கும். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை. ஆட்டக்காரனுக்கு செலவுக் காசுன்னு ஒரு சின்னத் தொகை குடுக்கலாம், அதுக்கு மேல குடுத்தா அவன் "தொழில்முறை"ன்னு முத்திரை குத்தி வெளிய தள்ளிடுவாங்க.

இந்த ரூல்தான் 1930-ல ஷால்கே கழுத்த நெரிச்சுது. அதப் பத்தி நைட்டு பெருசா எழுதுறேன், இப்ப வேலை இருக்கு.

#9 சும்மா_படிக்கிறவன்

அதுக்குள்ள ஒரு கேள்வி, அவங்க ஸ்டேடியத்த சுரங்கம் கட்டிக் குடுத்துச்சா இல்ல கிளப் கட்டுச்சா

#10 கரிமூட்டை

தம்பி, நெலம் கன்சோலிடேஷனோடது, கிளப் குத்தகைக்கு எடுத்துச்சு. 1927-ல வேலை ஆரம்பிச்சு 1928 கோடை முடியுறப்ப திறந்தாங்க. பேரு க்ளுக்ஆஃப் காம்ஃபான். "க்ளுக்ஆஃப்"ங்கிறது சுரங்கத்துல எறங்குறவங்க ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்கிற வணக்கம், பத்திரமா மேல வான்னு. அந்தப் பேர வச்சதுல இருந்தே தெரியலயா யாரு வீட்டுப் பிள்ளைன்னு? சுரங்கத்துக்குப் பக்கத்துலயே மைதானம், ஷிஃப்ட் முடிச்சவன் நேரா வந்து நிப்பான்.

1926-ல மேல் டிவிஷனுக்கு ஏறுறாங்க, 1927-லயே முதல் தடவையா தேசிய சாம்பியன்ஷிப் ரவுண்டுக்குப் போறாங்க, 1929, 1930 ரெண்டு வருஷமும் மேற்கு ஜெர்மன் சாம்பியன். ஸ்டேடியமும் சுரங்க வேலையும் இல்லாம இந்த வேகம் வருமா? இத மட்டும் நம்ம இடதுவிங் தம்பி சொல்லட்டும்.

#11 இடதுவிங்_11

வந்துட்டேன். 1930.

ஆகஸ்ட் 25-ம் தேதி மேற்கு ஜெர்மன் சங்கம் தீர்ப்பு சொல்லுது. ஷால்கே ஆட்டக்காரங்களுக்கு அனுமதிச்சதுக்கு மேல காசு குடுத்திருக்காங்க. எவ்வளவுன்னு நெனைக்கிறீங்க? மேட்ச் செலவுக்கு அஞ்சு மார்க் (அப்ப ஜெர்மன் காசு) குடுக்கலாம்னு ரூல், இவங்க பத்து மார்க் குடுத்திருக்காங்க. அஞ்சு மார்க் வித்தியாசம்! அதுக்கு முதல் டீம் ஆட்டக்காரங்க 14 பேர, குசோரா ஷெபான் உட்பட, தொழில்முறை ஆட்டக்காரங்கன்னு அறிவிச்சு ஆடக்கூடாதுன்னுட்டாங்க. கிளப் நிர்வாகிங்க எட்டு பேர சங்கத்த விட்டே தூக்குனாங்க, 1000 மார்க் அபராதம் வேற.

மத்த பெரிய கிளப்புங்க எல்லாம் யோக்கியமான்னா, அதான் இல்ல. ஊருக்கே தெரிஞ்ச ரகசியம் அது, எல்லாரும் ஏதோ ஒரு வழியில குடுத்துக்கிட்டுதான் இருந்தாங்க. ஊருக்கு எளச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டிங்கிற கதையா, மாட்டுனது கரி ஊர்க்காரன். பணக்கார கிளப்புல ஆடுறவன் வீட்ல வசதி இருக்கும், இல்லன்னா கிளப் உறுப்பினர் கம்பெனியில மேஜை வேலை போட்டுக் குடுப்பாங்க, கணக்குப் புத்தகத்துல ஒண்ணும் தெரியாது. ஷால்கே கணக்குல மட்டும் பத்து மார்க் பளிச்சுனு தெரிஞ்சுது. உலகப் பொருளாதாரம் விழுந்த நேரம், ரூர்ல ஆயிரக்கணக்குல வேலை போயிட்டு இருந்த வருஷம், அந்த மார்க் யாரு வீட்டு ரொட்டின்னு தீர்ப்பு எழுதுனவங்களுக்குத் தெரியாம இருந்திருக்காது.

இதுல ரொம்ப கஷ்டமான விஷயம் வில்லி நீயர். கிளப்போட பொருளாளர், அந்தக் கணக்கையெல்லாம் எழுதுனவரு. தீர்ப்பு வந்து ரெண்டு நாள்ல ரைன் ஹெர்ன கால்வாயில குதிச்சு செத்துப் போனாரு. காசு அவரு பைக்குப் போகல, ஆட்டக்காரங்களுக்குத்தான் போச்சு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.

#12 மலர்_ரெஃப்ரி

இத இவ்வளவு விவரமா இப்பதான் படிக்கிறேன். அஞ்சு மார்க்குக்கு ஒரு உயிரு. இந்தக் காலத்துல ஒரு ஆட்டக்காரனோட ஏஜென்ட் கமிஷன நெனச்சா சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல.

அந்த சீசன் எப்புடி ஓட்டுனாங்க?

#13 இடதுவிங்_11

மிச்சம் இருந்த ரிசர்வ் பசங்கள எல்லாம் மேல தூக்கிப் போட்டுத்தான் மேடம். ஆனா ஊர் கிளப்ப விடல, இதுதான் முக்கியம். கொஞ்ச மாசத்துல சங்கமே எறங்கி வந்து தடைய நீக்குது. 1931 ஜூன் 1-ம் தேதி பழைய டீம் திரும்ப ஆடுது, ஃபார்ச்சுனா டுசல்டார்ஃபோட. பாயிண்ட் கெடையாது, கோப்பை கெடையாது, வெறும் நட்பு ஆட்டம். திங்கக்கிழமை வேற. அதுக்கு எழுபதாயிரம் பேரு வந்தாங்கன்னு கணக்கு, அந்த ஸ்டேடியம் அதுல பாதிப் பேரத்தான் தாங்கும். கோட்டுக்கு வெளிய நிக்க எடம் இல்லாம ஜனம் மைதானத்துக்குள்ளயே வந்துடுச்சு, கார்னர் அடிக்கணும்னா ஜனத்த வெலக்கி வழி விடச் சொல்லணும்ங்கிற நெலமை. ஷால்கே 1-0 ஜெயிச்சுது.

கரிமூட்டை அண்ணே, என் பாயிண்டுக்கு இதத்தான் பெரிய சாட்சியா சொல்லுவேன். சுரங்கம் குடுத்த நெலம், சுரங்கம் குடுத்த வேலை எல்லாம் 1930-லயும் இருந்துச்சு, ஆனா தடைய அது நிறுத்தல. டீம மறுபடி நிக்க வச்சது வேலை நாள்ல வந்து நின்ன அந்த ஜனம். எனக்கு ஷால்கே பொறந்த நாள் 1904 மே 4 இல்ல, 1931 ஜூன் 1-தான். கொஞ்சம் சினிமாத்தனமா இருக்கும், பரவால்ல.

#14 கரிமூட்டை

அந்த ஜனம் யாரு தம்பி? பாதிப் பேரு கன்சோல் ஷிஃப்ட் முடிச்சு கைகால் கழுவிட்டு வந்தவங்க. சுரங்கம்னா நீ முதலாளிய மட்டும் நெனைக்கிற, நான் அந்த ஆளுங்களயும் சேத்துச் சொல்றேன். நம்ம ரெண்டு பேரும் ஒரே ஆட்டத்த ரெண்டு கேலரியில இருந்து பாத்துட்டு சண்ட போடுறோம்.

#15 வடக்குக்கேலரி

உள்ள வரலாமா? நான் லென்ஸ் ரசிகன், ஃபிரான்ஸ்ல இருக்குற கரி ஊர் கிளப். எங்க கதை உங்களுக்கு நேர் எதிர்.

லென்ஸ் ஆரம்பமும் பசங்கதான், 1906, பிளாஸ் வெர்ட்னு ஒரு பொதுத் திடல்ல ஆட ஆரம்பிச்சாங்க. அதே வருஷம் மார்ச் 10-ம் தேதி பக்கத்துல கூரியர் சுரங்கத்துல வெடிப்பு, 1,099 பேரு செத்தாங்க, ஐரோப்பாவுலயே பெரிய சுரங்க விபத்து. ஒவ்வொரு தெருவுலயும் சாவு வீடு. முதல் உலகப்போர்ல ஊரே தரைமட்டம், சுரங்கத்துக்குள்ள ஜெர்மன்காரன் தண்ணிய விட்டுட்டான். திரும்ப எழுப்ப ஆள் இல்லாம போலந்துல இருந்து ஆயிரக்கணக்குல குடும்பங்கள கூட்டிட்டு வந்தாங்க.

இங்க இருந்து கவனிங்க. 1930-கள்ல லென்ஸ் சுரங்கக் கம்பெனியே ஸ்டேடியம் கட்டுது, வேலை இல்லாம இருந்த சுரங்கத் தொழிலாளிகள வச்சு. 1934-ல கிளப் தொழில்முறை ஆகுது, ஃபிரான்ஸ்ல அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே சட்டப்படி ஒத்துக்கிட்டாங்க. அந்த ஸ்டேடியத்துக்கு பின்னாடி வச்ச பேரு ஃபெலிக்ஸ் போலேர், கம்பெனியோட வணிக இயக்குநரு. சுரங்கத்துல எறங்குறவன் வணக்கம் ஷால்கேல, ஆபீஸ்ல உக்காந்தவரு பேரு எங்க ஊர்ல. சம்பளம் குடுக்க கம்பெனிக்கு ஒளிவு மறைவே தேவைப்படல, அதனால கம்பெனி நேரா முன்வாசல் வழியா வந்து கிளப்ப எடுத்துக்கிச்சு. இடதுவிங் சொல்ற சட்டக் காரணம் அதனாலதான் எனக்கு சரியா படுது.

#16 இடதுவிங்_11

அட்டகாசம் வடக்குக்கேலரி. நீங்க சொன்ன இந்த ஒப்பீட்டத்தான் நான் தேடிட்டு இருந்தேன். ரெண்டு ஊரும் கரி, ரெண்டு ஊரும் வெளியூர்ல இருந்து வந்த கூலி ஜனம், ரெண்டும் பசங்க ஆரம்பிச்சது. வேற வேறயா போனதுக்குக் காரணம் சம்பளச் சட்டம்.

#17 ஆஃப்சைட்_அண்ணாச்சி

அப்ப உக்ரைன் கிளப் ஷக்தார் டொனெட்ஸ்க்? அதுவும் கரிதான?

#18 வடக்குக்கேலரி

அது வேற ஜாதி அண்ணாச்சி, 1936-ல மேல இருந்து வந்த உத்தரவுல பொறந்தது. முதல் பேரு ஸ்தகானவெட்ஸ். ஸ்தகானோவ்னு ஒரு சுரங்கத் தொழிலாளி 1935 ஆகஸ்ட்ல ஒரே ஷிஃப்ட்ல 102 டன் வெட்டுனாருன்னு சோவியத் தலையில தூக்கி வச்சு ஆடுச்சு, ஒரு ஷிஃப்ட் அளவு ஏழு டன்தான். அவரு பேர டீமுக்கு வச்சாங்க. 1946-லதான் சுரங்கத் தொழிலாளிங்கிற பேருக்கு மாறுச்சு. அதுக்குத் தனி இழை போட்டா நான் வரேன், இங்க வேணாம்.

#19 சும்மா_படிக்கிறவன்

குசோரா ஷெபான் எல்லாம் போலந்துப் பேரு மாதிரி இருக்கே, போலந்துக்காரங்க டீமா இது

#20 மலர்_ரெஃப்ரி

அப்பவே எதிர் டீம் ரசிகர்ங்க அப்புடித்தான் கேலி பண்ணாங்க, போலந்துக்காரன் கிளப்னு, ரொம்ப அசிங்கமான சொல்லுல. ஆனா குசோரா, ஷெபான் ரெண்டு பேரு குடும்பமும் மசூரியாவுல இருந்து வந்தவங்க. அது கிழக்கு பிரஷ்யாவோட தெக்குப் பகுதி. அந்த ஜனம் வீட்ல பேசுனது போலிஷ் சாயல் உள்ள பேச்சு, ஆனா கத்தோலிக்கர் இல்ல, புராட்டஸ்டன்ட், பிரஷ்ய ராஜாவுக்கு விசுவாசம். சுரங்கத்துக்கு ஆள் எடுக்குறவங்க கிராமம் கிராமமாப் போய் வீடும் தோட்டமும் தர்றோம்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தாங்க. கெல்சன்கிர்ஷன்ல மசூரியாக்காரங்க ரொம்ப அதிகம்.

1934-ல ஷால்கே சாம்பியன் ஆனதும் போலந்துப் பத்திரிகையில ஜெர்மன் சாம்பியன்ஷிப் போலந்துக்காரங்க கையிலன்னு பெருமையா எழுதிட்டாங்க. ஹிட்லர் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்த நேரம். கிளப் பதறிப்போய் கிக்கர் பத்திரிகைக்கு லெட்டர் எழுதுச்சு, ஆட்டக்காரங்களோட அப்பா அம்மா எந்த ஊர்ல பொறந்தாங்கன்னு போட்டு, எல்லாரும் ஜெர்மன்காரங்கதான்னு. இருபது வருஷம் "நீ எங்க ஆளு இல்ல"ன்னு தள்ளி வச்ச நாட்டுக்கு "நான் உங்க ஆளுதான்"னு சர்டிபிகேட் காட்டுறாங்க. எனக்கு அந்த லெட்டர் விஷயம் படிக்கவே சங்கடமா இருக்கும்.

#21 பழைய_கோல்கீப்பர்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல, இழை நல்லா போகுது. ஒண்ணு மட்டும் யாரும் தொடல, தொடாம விட்டா சரியா இருக்காது.

ஷால்கே ஜெயிச்ச ஏழு தேசிய சாம்பியன்ஷிப்ல ஆறு, 1934, 35, 37, 39, 40, 42, நாஜி ஆட்சியில, ஏழாவது மட்டும் 1958-ல. 1934 தொடங்கி 1944 வரை வெஸ்ட்ஃபாலியா மாவட்ட லீக்க பதினொரு தடவையும் இவங்களே அடிச்சாங்க. தொழிலாளி டீம், எளிமையான ஆளுங்க, ஒத்துமையா ஆடுறாங்கங்கிற இமேஜ் ஆட்சிக்கு பிரச்சாரத்துக்கு வாகா இருந்துச்சு, ஆட்டக்காரங்களும் அதுக்கு ஒத்துப் போனாங்க. கிளப்போட ரெண்டாவது தலைவரா இருந்த பல் டாக்டர் பவுல் ஐஷன்க்ருன் யூதர், 1933-ல பொறுப்ப விட வேண்டியதாச்சு, அப்புறம் நாட்டையே விட்டுப் போனாரு. 1938-ல ஷால்கே மார்க்கெட்ல யூதர்ங்க நடத்துன ஒரு ஜவுளிக்கடைய ஷெபான் எடுத்துக்கிட்டாரு. அந்தக் கடைக்காரங்கள பின்னாடி நாடு கடத்திக் கொன்னுட்டாங்க. களத்துல எவ்வளவு அழகா பாஸ் குடுத்தாலும் இது அவரு கணக்குல இருக்கு.

2001-ல புது ஸ்டேடியம் திறந்தப்ப பக்கத்துல ஒரு ரோட்டுக்கு ஷெபான் பேரு வைக்கிற பேச்சு வந்து இதே காரணத்துக்காக பெரிய சண்டையாச்சு. கிளப்பே அப்புறம் வரலாற்று ஆய்வாளர்ங்கள வச்சு அந்தக் காலத்த ஆராய்ச்சி பண்ணச் சொல்லி 2005-ல வெளியிட்டாங்க. அத மட்டும் பாராட்டணும், நெறைய கிளப்புங்க இன்னும் மூடி வச்சிருக்கு.

#22 இடதுவிங்_11

நல்லது செஞ்சீங்க பெரியவரே, இதச் சொல்லாம ஷால்கே வரலாறு பேசுறது பாதிக் கதை. நான் 1931-லயே நிறுத்திடலாம்னு இருந்தேன், ஆனா நீங்க சொன்னது அந்த ஜனம், சுரங்கம் வாதத்துக்கும் சேரும். தொழிலாளி கிளப்னா தானா நியாயமான கிளப்னு ஆயிடாது. "எளிய சுரங்கத் தொழிலாளிங்க"ங்கிற படத்த நாஜிகளும் வித்தாங்க, பிற்பாடு மார்க்கெட்டிங்காரங்களும் வித்தாங்க. இப்ப இருக்குற ஸ்டேடியத்துல ஆட்டக்காரங்க வெளிய வர்ற டனல சுரங்கப்பாதை மாதிரியே கரிப்பாறை போட்டு வச்சிருக்காங்க, பாக்க சூப்பர், ஆனா அதுல நடந்து வர்ற ஒருத்தனும் சுரங்கத்துல எறங்குனவன் இல்ல. குசோராவே பெருசா எறங்கலன்னா பாத்துக்கோங்க.

#23 கரிமூட்டை

டனல்ல கை வைக்காத தம்பி, அது நல்லாத்தான் இருக்கு 😄

#24 ஆஃப்சைட்_அண்ணாச்சி

சரி சண்ட போதும். அந்த முதல் சாம்பியன்ஷிப் மேட்ச், 1934, அத யாராச்சும் சொல்லுங்க. குசோராவுக்கு குடல் எறக்கம் இருந்துச்சுன்னு எங்கயோ படிச்சேன், அது நெசமா கட்டுக்கதையா?

#25 மலர்_ரெஃப்ரி

நெசம்தான் அண்ணாச்சி. அதுக்கு முந்தின வருஷம் ஃபைனல்ல இதே ஃபார்ச்சுனா டுசல்டார்ஃப்கிட்ட 0-3 தோத்துருந்தாங்க. 1934 ஜூன் 24, பெர்லின், எதிர்ல நூர்ன்பெர்க். நூர்ன்பெர்க் அப்ப ஏற்கனவே அஞ்சு தடவ சாம்பியன், ஷால்கே கோச் ஹான்ஸ் ஷ்மிட் கூட பழைய நூர்ன்பெர்க் ஆட்டக்காரருதான். குசோரா அடிவயித்து வலியோடயே எறங்குறாரு. ரெண்டாவது பாதியில நூர்ன்பெர்க் ஒரு கோல் போடுது. அது அப்புடியே நிக்குது, நிக்குது, முடிய ரெண்டு மூணு நிமிஷம்தான் இருக்கு. ஷெபான் சமன் பண்றாரு. எல்லாரும் எக்ஸ்ட்ரா டைம்னு நெனச்சிட்டு இருக்கறப்ப தொண்ணூறாவது நிமிஷத்துல குசோரா ரெண்டாவது கோல அடிச்சுட்டு அங்கயே மயங்கி விழுந்துட்டாரு. 2-1. ரெண்டு கோலும் மச்சான்ங்க.

#26 சும்மா_படிக்கிறவன்

அப்ப அவங்களுக்கு கோப்பை ஜெயிச்சதுக்கு காசு ஏதாச்சும் குடுத்தாங்களா, இல்ல அதே அஞ்சு மார்க்கா

#27 இடதுவிங்_11

சட்டப்படி இன்னும் அமெச்சூர்தான் தம்பி. 1932-ல ஜெர்மன் சங்கம் தொழில்முறைய அனுமதிக்கலாம்னு கிட்ட வந்துச்சு, 1933-ல நாஜிகள் வந்ததும் அது அப்புடியே போச்சு. போருக்கு அப்புறம் ஒப்பந்த ஆட்டக்காரர்னு ஒரு அரைகுறை ஏற்பாடு. முழுசா சம்பளம் வாங்கி ஆடலாம்னு வந்தது 1963-ல ஜெர்மன் தேசிய லீக்கான பூண்டஸ்லிகா ஆரம்பிச்சப்பதான். குசோரா ஆடி முடிச்சு பதிமூணு வருஷம் ஆச்சு அப்ப. நாளைக்கு லென்ஸ் பத்தி தனி இழை ஆரம்பிக்கிறேன், வடக்குக்கேலரி நீங்கதான் முதல் பதிவு போடணும், 1942-ல லென்ஸ் ஆட்டக்காரர் ஸ்டானிஸ் ஒரே மேட்ச்ல 16 கோல் அடிச்ச கதையில இருந்து.